நடக்காததின் சரித்திரம்

1

நடந்ததற்குச் சாட்சியங்கள் மிஞ்சுகின்றன. யுத்தம் ஓய்ந்தபின் ஒப்பந்தம், ஆலை மூடியபின் கணக்குப் புத்தகம், அரசன் போனபின் கல்வெட்டு. சரித்திரக்காரன் இவற்றை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறான். நடந்திருக்கக்கூடியது, ஆனால் நடக்கவில்லை என்றால் அதற்கு என்ன மிஞ்சும்? ஒரு பொருளைச் சட்டம் தடை செய்யவில்லை. யாரும் உடைத்துப் போடவில்லை. செய்யும் வித்தை தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். வாங்க ஆளும் இருக்கிறது. ஆனாலும் அது கடைக்கு வரவில்லை. இந்த வராமையை எந்த ஆதாரத்தைக் கொண்டு எழுதுவது?

1990களில் அமெரிக்காவில் மின்சாரக் காருக்கென்று தேறிவந்த நிக்கல்-உலோக ஹைட்ரைடு பாட்டரியின் கதை இந்தக் கேள்வியை எழுப்புகிறது. இந்தக் கதைக்கு ஏற்கனவே ஒரு ஜனரஞ்சக வடிவம் உண்டு. மின்சாரக் காரைக் கொன்றது யார் என்று தலைப்பிலேயே கேட்டுக்கொண்டு 2006ல் வந்தது க்ரிஸ் பெய்னின் ஆவணப்படம். எண்ணெய்க் கம்பெனிகள், கார்க் கம்பெனிகள், அரசாங்கம், வாங்குகிறவர்கள் என்று ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றி, கடைசியில் தீர்ப்புச் சொல்கிற படம். நிரபராதி என்று அது விடுவித்தது பாட்டரியை மட்டும்தான். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் கொலைக் கதை என்ற வடிவத்துக்கே ஒரு குறை உண்டு. அதற்கு ஒரு கை வேண்டும், கத்தி வேண்டும், இருட்டு வேண்டும். நம் விஷயத்தில் இருட்டே இல்லை. பங்கு கைமாறியது பத்திரிகையில் வந்தது. வழக்கு சமரசமானது அறிவிப்பாக வந்தது. எந்த வருஷம் வரை விற்கக் கூடாது என்ற நிபந்தனைகூட வெளியில் சொல்லப்பட்டது. ரகசியம் எதுவும் தேவைப்படவில்லை என்பதுதான் இதில் யோசிக்கத்தக்கது. உடைமை என்ற சாதாரண ஏற்பாடே போதுமானதாக இருந்தது.

2

இதற்கு ஒரு முன்கதை உண்டு. அதில் வேஷங்கள் இடம் மாறியிருக்கின்றன.

1900ல் அமெரிக்காவில் செய்யப்பட்ட 4,192 கார்களில் நீராவியில் ஓடியவை 1,681, மின்சாரத்தில் ஓடியவை 1,575, பெட்ரோலில் ஓடியவை 936. அன்றைக்கு பெட்ரோல் காருக்கு மூன்றாம் இடம்தான். நியூயார்க் தெருக்களில் ஈய-அமில பாட்டரி வைத்த வாடகை வண்டிகள் ஓடின. அந்த வண்டிகளை ஓட்டிய எலெக்ட்ரிக் வெஹிகிள் கம்பெனி, 1899ல், தன் வியாபாரத்துக்கு நேர் எதிரானதை விலைக்கு வாங்கியது. ராச்செஸ்டர் நகரத்து வக்கீல் ஜார்ஜ் செல்டன் பெட்ரோல் வண்டிக்கு வைத்திருந்த பேட்டன்ட் உரிமை அது.

செல்டன் சுவாரஸ்யமான ஆசாமி. தன் மனுவை அவர் 1879ல் கொடுத்தார். அன்று அந்த வண்டியை வாங்க ஆள் இல்லை. பேட்டன்ட் கிடைத்துவிட்டால் அதன் ஆயுள் ஓடத் தொடங்கிவிடும். ஆகவே கிடைக்காமல் பார்த்துக்கொண்டார். சட்டம் அனுமதித்த அவகாசத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு, திருத்தம் மேல் திருத்தமாகப் போட்டு, பதினாறு வருஷம் கடத்தி, கார்கள் தெருவுக்கு வரும் தறுவாயில் 1895ல் பேட்டன்டைப் பெற்றார். காத்திருக்கத் தெரிந்தவனுக்கு உடைமை என்ன தரும் என்பதை அவர் புரிந்துகொண்டிருந்தார்.

பெட்ரோல் கார் செய்த கம்பெனிகள் பணிந்தன. 1903ல் ஒரு சங்கமாகச் சேர்ந்து கார் விலையில் 1.25 சதவீதம் கட்டணம் செலுத்த ஒப்புக்கொண்டன. பெட்ரோல் கார் ஒவ்வொன்றும் மின்சார வண்டிக் கம்பெனிக்குக் கப்பம் கட்டிக்கொண்டு ஓடிய காலம் ஒன்று இருந்தது. ஹென்றி ஃபோர்ட் மறுத்தார், வழக்காடினார். 1909ல் தோற்றார். 1911 ஜனவரியில் மேல் கோர்ட்டில் ஜெயித்தார். செல்டனின் பேட்டன்ட் செல்லும், ஆனால் அது ப்ரேய்டன் வகை யந்திரத்துக்கு மட்டுமே பொருந்தும், ஃபோர்ட் உபயோகிப்பது ஓட்டோ வகை என்றது தீர்ப்பு. அதற்குள், 1907லேயே, எலெக்ட்ரிக் வெஹிகிள் கம்பெனி திவாலாகியிருந்தது.

இந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே 1908ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில், காகிதப் பை செய்யும் யந்திரத்தைப் பற்றியதில், ஒரு தீர்ப்புச் சொன்னது. பேட்டன்ட் வைத்திருப்பவர் அதை உபயோகிக்காமலே வைத்திருக்கலாம். உபயோகிக்காத காரணத்தால் மற்றவர்களைத் தடுக்கும் உரிமை போய்விடாது. யோசித்துப் பார்த்தால், செய்வதற்கான உரிமையைப் பேட்டன்ட் தருவதில்லை, பிறர் செய்வதைத் தடுக்கும் உரிமையையே தருகிறது. காகிதப் பையில் இது அற்ப விஷயம். நம் நாட்டு 1970ம் வருஷச் சட்டம் இந்த ஆபத்தை ஓரளவு உணர்ந்து, உபயோகிக்காமல் கிடக்கும் பேட்டன்டுக்குக் கட்டாய லைசன்ஸ் என்ற வழியை வைத்தது. அமெரிக்கச் சட்டத்தில் அப்படிப்பட்ட பொது விதி இல்லை.

முன்கதையில் இன்னும் ஒரு விஷயம் பாக்கி. எடிசன் பத்து வருஷத்தைக் கொட்டி நிக்கல்-இரும்பு பாட்டரியைச் செம்மைப்படுத்தி முடிக்கும் சமயத்தில், 1912ல், காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. முன்பக்கம் நின்று கைப்பிடியைச் சுழற்றிக் கையை முறித்துக்கொள்ளும் தொல்லை ஒழிந்தது. மின்சாரக் காருக்கு இருந்த பெரிய அனுகூலமும் அதோடு ஒழிந்தது. பாட்டரி காருக்குள் வந்து உட்கார்ந்தது, பெட்ரோல் யந்திரத்தைத் தட்டி எழுப்புகிற வேலைக்காரனாக. வண்டியைத் தானே இழுக்கவிருந்த ஒன்றுக்கு எடுபிடி உத்தியோகம் கிடைத்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எண்பத்தைந்து வருஷம் கழித்து இதுவே திரும்ப நடக்கப் போகிறது.

3

ஸ்டான்ஃபோர்ட் ஓவ்ஷின்ஸ்கி 1922ல் ஒஹையோ மாநிலத்து ஏக்ரனில் பிறந்தவர். தகப்பனார் லித்துவேனியாவிலிருந்து வந்த யூதர். பழைய இரும்பு சேகரித்து விற்றவர். மகன் கல்லூரிக்குப் போகவில்லை. கடைசல் பட்டறையில் வேலை கற்றார். தானே வடிவமைத்த ஒரு கடைசல் யந்திரத்துக்குத் தகப்பனார் பெஞ்சமினின் பெயரை வைத்தார். தொழிலாளர் இயக்கச் சூழலில் வளர்ந்து, கடைசிவரை அந்த நம்பிக்கைகளை விடாதவர். 1960ல், மனைவி ஐரிஸோடு சேர்ந்து டெட்ராய்ட்டில் ஒரு ஆராய்ச்சிச் சாலை தொடங்கினார். அதுவே 1964ல் எனர்ஜி கன்வர்ஷன் டிவைசஸ் என்று பெயர் மாறியது. டெட்ராய்ட், அமெரிக்கக் கார்த் தொழிலின் தலைநகரம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அவருடைய சிந்தனையின் மையம் ஒழுங்கின்மை. திடப்பொருளைப் பற்றிய பௌதிகம் அதுவரை ஸ்படிகத்தைச் சுற்றியே வளர்ந்திருந்தது. அணுக்கள் அணிவகுத்து நிற்கும் பொருளே ஆராயத் தகுந்தது; அணிவகுப்புக் குலைந்தது குறைபாடு. ஓவ்ஷின்ஸ்கி குறைபாட்டையே குணமாகப் பார்த்தார். ஒழுங்கற்ற பொருள்களில் மின்தடை சட்டென்று மாறித் திரும்புவதைப் பற்றி 1968ல் அவர் எழுதிய கட்டுரையைப் பட்டம் பெற்றவர்களின் உலகம் சந்தேகத்தோடுதான் வாசித்தது. பிற்பாடு அழித்து எழுதும் குறுந்தகடுகள் இந்த வழியில்தான் வந்தன.

பாட்டரியிலும் இதே பார்வை. நிக்கல்-உலோக ஹைட்ரைடு பாட்டரியில் ஒரு முனை நிக்கல் ஹைட்ராக்ஸைடு. மறு முனை, ஹைட்ரஜனை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் உலோகக் கலவை. சார்ஜ் ஏற்றும்போது ஹைட்ரஜன் உலோகத்தின் அணு இடைவெளிகளில் போய்த் தங்குகிறது. வேலை வாங்கும்போது வெளியே வருகிறது. அதிக இடைவெளி, விதவிதமான இடைவெளி இருந்தால் அதிகம் தங்கும். வனேடியம், டைட்டேனியம், ஸிர்க்கோனியம், நிக்கல் என்று பல உலோகங்களைச் சேர்த்து, வேண்டுமென்றே ஒழுங்கைக் குலைத்த கலவைகளை ஓவ்ஷின்ஸ்கியின் குழு உண்டாக்கியது. 1982ல் இதற்கென்று ஓவானிக் பாட்டரி கம்பெனி ஏற்பட்டது. அடிப்படை பேட்டன்ட் 1986ல் கிடைத்தது. இந்த பாட்டரி ஈயத்தைப்போல இரு மடங்குக்குச் சற்றே அதிகமான சக்தியை அதே எடையில் தாங்கும். காட்மியத்தின் விஷம் இல்லை.

மூன்று பெரிய கார்க் கம்பெனிகளும் அமெரிக்க அரசும் 1991ல் சேர்ந்து அமைத்த பாட்டரிக் கூட்டமைப்பு, 1992ல் தன் முதல் ஒப்பந்தத்தை இந்தச் சிறிய கம்பெனிக்குத்தான் கொடுத்தது. 1996ல் மின்சாரக் கார்களின் பந்தயம் ஒன்றில், ஸொலெக்ட்ரியா என்ற கம்பெனியின் ஸன்ரைஸ் கார், ஓவ்ஷின்ஸ்கியின் பாட்டரியோடு ஒரே சார்ஜில் 370 மைலுக்கு மேல் ஓடியது. பந்தயக் கணக்கு வேறு, தினசரி வாழ்க்கையின் கணக்கு வேறு என்பது சரிதான். ஆனால் சாத்தியமா என்ற கேள்விக்கு அன்றே பதில் கிடைத்துவிட்டது.

4

கலிஃபோர்னியா மாநிலத்தின் காற்று வள வாரியம் 1990ல் ஒரு விதி செய்தது. பெரிய கார்க் கம்பெனிகள் அந்த மாநிலத்தில் விற்கும் கார்களில் 1998ல் 2 சதவீதம், 2001ல் 5 சதவீதம், 2003ல் 10 சதவீதம் புகையே விடாதவையாக இருக்க வேண்டும். கம்பெனிகள் எதிர்த்தன. அதே சமயம், விதி நிலைத்துவிட்டால் என்ன செய்வது என்ற யோசனையும் அவர்களுக்கு இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டையும் செய்தது. 1994ல் ஓவ்ஷின்ஸ்கியின் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து ஜிஎம் ஓவானிக் என்ற கம்பெனியை அமைத்து, 60 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. 1996 மார்ச்சில் வாரியம் பணிந்து, 1998 முதல் 2002 வரையிலான விதியைக் கைவிட்டது. அதே வருஷம் டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஈவி1 காரைக் குத்தகைக்கு விட்டது — பழைய ஈய-அமில பாட்டரியோடு. கூட்டுக் கம்பெனி கையில் இருந்தும் புதிய பாட்டரி அந்தக் காருக்குள் போக 1999 ஆயிற்று. புதிய பாட்டரியோடு அது நூறு மைலைத் தாண்டி ஓடியது. அந்த வருஷமே உற்பத்தி நின்றது. மொத்தம் செய்தது 1,117 கார்கள். யாருக்கும் விற்கவில்லை, குத்தகைதான். குத்தகை முடிய முடியத் திரும்பப் பெற்று, பெரும்பாலானவற்றை நசுக்கினார்கள்.

படமெடுக்கிறவர்களைக் கவர்வது இந்த நசுக்கல். ஆயிரத்துச் சொச்சம் கார்கள் தகடாவது பார்க்கத் துயரமானது. ஆனால் கார் ஒரு நகல்; நசுக்கினால் இன்னொன்று செய்துகொள்ளலாம். இன்னொன்று செய்யும் உரிமை எங்கே போயிற்று என்பதே கேள்வி. அது போன வழியில் சப்தமே இல்லை.

2000ல் டெக்ஸாகோ எண்ணெய்க் கம்பெனி ஓவ்ஷின்ஸ்கியின் கம்பெனியில் 20 சதவீதப் பங்கு வாங்கியது. 2001ல் கூட்டுக் கம்பெனியில் ஜெனரல் மோட்டார்ஸின் பங்கையும் வாங்கியது. அதே வருஷம் அக்டோபரில் டெக்ஸாகோவே செவ்ரானோடு இணைந்தது. கூட்டுக் கம்பெனி 2004ல் கோபாஸிஸ் என்று பெயர் பெற்றது; செவ்ரானுக்குப் பாதி, ஓவ்ஷின்ஸ்கி பக்கத்துக்குப் பாதி. பாதிக்குப் பாதி என்றால் இருவரும் ‘சரி’ என்றால்தான் காரியம் நடக்கும். நடக்காமலிருக்க ஒருவர் சும்மா இருந்தால் போதும்.

1899ன் படம் இங்கே தலைகீழாகத் தெரிகிறது. அன்று மின்சார வண்டிக்காரன் கையில் பெட்ரோல் காரின் பேட்டன்ட். இன்று எண்ணெய்க்காரன் கையில் மின்சாரக் காரின் பாட்டரி. ஒரு வித்தியாசமும் உண்டு. எலெக்ட்ரிக் வெஹிகிள் கம்பெனி கப்பம் வாங்கிக்கொண்டு எதிரியை ஓட விட்டது. கப்பம் கட்டிக்கொண்டே எதிரி வளர்ந்தான். நூறு வருஷத்தில் உடைமை அதைவிடத் தேர்ச்சி பெற்றிருந்தது.

ஜப்பானில் மட்ஸுஷிடாவும் டொயோட்டாவும் சேர்ந்து நடத்திய பானசோனிக் ஈவி எனர்ஜி, இதே ரசாயனத்தில் 95 ஆம்பியர்-மணி பெரிய பாட்டரி ஒன்றைச் செய்துவந்தது. டொயோட்டாவின் ராவ்4 மின்சாரக் காரில் அது ஓடியது. 24 பாட்டரிகள், 27 யூனிட் மின்சாரம். தெற்குக் கலிஃபோர்னியாவின் மின்சாரக் கம்பெனி ஒன்று தன் ஊழியர்களின் உபயோகத்தில் வைத்திருந்த இந்தக் கார்களில் சில, முதலில் வைத்த பாட்டரியை மாற்றாமலே ஒரு லட்சம் மைலைத் தாண்டின. பாட்டரி நீடிக்காது என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல பதில் இருக்க முடியாது.

2001ல் ஓவ்ஷின்ஸ்கியின் கம்பெனி இவர்கள்மீது பேட்டன்ட் வழக்குத் தொடுத்தது. 2004 ஜூலையில் சமரசம். ஜப்பானியர் தரப்பு 3 கோடி டாலர் கொடுத்தது. பரஸ்பரம் லைசன்ஸ் மாற்றிக்கொண்டார்கள். கூடவே ஒரு நிபந்தனை: குறிப்பிட்ட சில போக்குவரத்து உபயோகங்களுக்கு இந்த பாட்டரியை வட அமெரிக்காவில் 2010 ஜூன் முடியும் வரை விற்கக் கூடாது. வழக்குத் தொடுத்ததில் கண்டுபிடித்தவருக்கு நியாயம் இருந்தது; தன் வித்தையைத் திருடினார்கள் என்று அவர் நம்பினார். கண்டுபிடித்தவரின் நியாயமே, அவர் கண்டுபிடித்தது உலவாமல் தடுக்கும் வேலியாகவும் ஆனது.

இப்போது அந்தப் பழைய வேலைக்காரன் திரும்ப வருகிறான். டொயோட்டாவின் ப்ரையஸ் கார் 1997ல் ஜப்பானில் வந்தது. அதே நிக்கல்-உலோக ஹைட்ரைடு. ஆனால் சிறியது, ராவ்4ல் இருந்ததில் இருபதில் ஒரு பங்கு. பெட்ரோல் யந்திரத்துக்கு ஒத்தாசை செய்வது அதன் வேலை. காரில் ஊற்றுவது பெட்ரோல்தான். 2008க்குள் பத்து லட்சம் ப்ரையஸ் விற்றாயிற்று. அது அமெரிக்காவில் தாராளமாக ஓடியது. ஆக, அந்த ரசாயனம் விலை அதிகம், நம்ப முடியாது, பெருவாரியாகச் செய்ய முடியாது என்ற வாதங்களெல்லாம் ப்ரையஸுக்குள்ளேயே பொய்த்துவிட்டன. பெட்ரோலுக்குத் துணை போகும் அளவில் பாட்டரிக்கு இடம் கிடைத்தது. பெட்ரோலின் இடத்தை எடுத்துக்கொள்ளும் அளவில் கிடைக்கவில்லை. 1912ல் நடந்ததும் இதுதான்.

5

எதிர்வாதங்களைக் கேட்காமல் இருக்க முடியாது. இந்த பாட்டரி கனமானது. சூடேறினால் சார்ஜ் ஏற்க மறுக்கும். நிக்கல் விலை மலிவல்ல. டொயோட்டா ராவ்4 மின்சாரக் காரை நிறுத்தியது 2003ல், அதாவது சமரசத்துக்கு ஒரு வருஷம் முந்தி. கார்க் கம்பெனிகள் 2002ல் போட்ட வழக்கில் அமெரிக்க மத்திய அரசே அவர்கள் பக்கம் சேர்ந்து வாதாடி, 2003ல் கலிஃபோர்னிய வாரியம் விதியை மேலும் தளர்த்தியதே அதன் உடனடிச் சூழ்நிலை. ஈவி1 நின்றபோது செவ்ரான் காட்சிக்குள்ளேயே வரவில்லை. கோபாஸிஸும் முற்றாகக் கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸின் சில ஹைப்ரிட் கார்களுக்கு பாட்டரி கொடுத்தது. கேட்டதைத் தரவில்லை என்று 2008ல் மெர்ஸிடிஸ்-பென்ஸின் அமெரிக்கக் கிளை அதன்மேல் வழக்குப் போட்டது சதியால் அல்ல, நிர்வாகச் சீர்கேட்டால் என்றும் சொல்லலாம்.

இவற்றையெல்லாம் ஒப்புக்கொள்ளலாம். ஒப்புக்கொண்டபின் கொலைக் கதைதான் பலவீனப்படுகிறது. நான் சொல்ல வருவது இன்னும் உறுதிப்படுகிறது. யாரும் பாட்டரியை வெறுக்க வேண்டியிருக்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸுக்கு அதில் லாபம் தெரியவில்லை, விற்றது. எண்ணெய்க் கம்பெனிக்கு அவசரம் இல்லை, வாங்கி வைத்தது. கண்டுபிடித்தவருக்குப் பணம் வேண்டியிருந்தது, பாதியைக் கொடுத்தார். ஒவ்வொருவரும் தன் தன் கணக்கில் சரியாகவே நடந்துகொண்டார்கள். எல்லாச் சரிகளையும் கூட்டினால் பூஜ்யம் வருகிறது.

எழுதுகிறவர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. ஒரு நாவலை ஒழிக்கத் தடை உத்தரவு தேவையில்லை. உரிமையை வாங்கிக்கொண்டு மறுபதிப்புப் போடாமல் இருந்தால் போதும். பதிப்பாளனுக்கு அந்த நாவல்மேல் விரோதம் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. மறந்துவிட்டால் போதும்.

இந்த ஏற்பாட்டின் சாதாரணத்தன்மைக்கு இன்னொரு சாட்சி உண்டு. லித்தியம் பாட்டரியின் தொடக்கமும் ஒரு எண்ணெய்க் கம்பெனியில்தான். 1970களில் எக்ஸானின் ஆராய்ச்சிச் சாலையில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் அதற்கு அடிகோலினார். எண்ணெய் நெருக்கடியின் பயத்தில் பிறந்த அந்த முயற்சி, பயம் தெளிந்ததும், 1980களின் தொடக்கத்தில், சந்தை போதாது என்று கைவிடப்பட்டது. அதை அங்கே யாரும் பூட்டி வைக்கவில்லை. அது வேறு கைகளுக்குப் போய், 1991ல் ஸோனியின் சரக்காக, காமிராவுக்குள்ளும் பிறகு மடிக் கணினிக்குள்ளும் வளர்ந்தது. அந்தப் பொருள்களில் பெட்ரோலுக்கு வேலை இல்லை. ஆகவே அங்கே பாட்டரிக்குப் போட்டியும் இல்லை, எஜமானும் இல்லை. 2008ல் டெஸ்லாவின் முதல் கார் தெருவுக்கு வந்தபோது அதில் இருந்தவை மடிக் கணினிக்கென்று வளர்ந்த வகையைச் சேர்ந்த 6,831 சின்னஞ்சிறு பாட்டரிகள். காருக்கென்று செய்த பெரிய பாட்டரி உரிமைப் பத்திரங்களுக்கிடையே கிடக்க, விளையாட்டுச் சாமான் அளவிலிருந்த ஒன்று ஆயிரக்கணக்கில் சேர்ந்து காரை இழுத்தது. 2019ல் விட்டிங்ஹாமுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

லித்தியம் வந்துவிட்டது, ஆகவே நஷ்டம் ஒன்றுமில்லை என்று சிலர் கணக்கை முடிக்கிறார்கள். வென்ற பொருளைக் கொண்டு நடந்த பாதையை நியாயப்படுத்தும் இந்தப் பழக்கம் சரித்திரத்தில் மட்டுமில்லை, விமர்சனத்திலும் உண்டு. தொழில் நுணுக்கம் எதுவும் தானாக முதிர்வதில்லை. செய்து, விற்று, பழுதாகி, திருத்தித்தான் முதிர்கிறது. பெரிய அளவு நிக்கல் பாட்டரி பத்து வருஷம் ஆயிரக்கணக்கான கார்களில் ஓடியிருந்தால் அதன் விலை எங்கே நின்றிருக்கும், சார்ஜ் ஏற்றும் நிலையங்கள் எத்தனை ஊர்களில் வந்திருக்கும், லித்தியமே எவ்வளவு சீக்கிரம் காருக்குள் நுழைந்திருக்கும் — இவற்றுக்கு விடை இல்லை. விடை கிடைப்பதற்கான சந்தர்ப்பம்தான் இழக்கப்பட்டது. அந்த வருஷங்களில் எரிந்த எண்ணெயும் புகையும் மட்டும் நடந்தவற்றின் கணக்கில் சேரும்.

ஓவ்ஷின்ஸ்கி 2007ல் தன் கம்பெனியை விட்டு விலகினார். கோபாஸிஸை 2009ல் ஸாம்ஸங்கும் பாஷும் சேர்ந்து நடத்திய கம்பெனி வாங்கியது. வாங்கியவர்களின் அக்கறை லித்தியத்தில். 2012 பிப்ரவரியில் எனர்ஜி கன்வர்ஷன் டிவைசஸ் திவாலானது. பாட்டரிப் பேட்டன்டுகள் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் ரசாயனக் கம்பெனிக்குப் போயின. அந்த அக்டோபரில் ஓவ்ஷின்ஸ்கி இறந்தார், எண்பத்தொன்பது வயதில்.

தன் உலோகக் கலவைகளில் அவர் வேண்டி உண்டாக்கியது இடைவெளிகளை; ஹைட்ரஜன் வந்து தங்கி, கேட்டபோது வெளியேற. பேட்டன்ட் பத்திரமும் அப்படி ஒரு இடைவெளிதான். அதில் உள்ளே போவதற்கு இருந்த வழி வெளியே வருவதற்கு இல்லை.